தொலைவும் காலமும்

பள்ளிக் கணக்கு நூல்களில் ஒருவகை வினா அடிக்கடி காணப்படும். ‘இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 14,500 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் செல்லும் விமானம் அத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகும்?’ என்பது அவ்வினா. மாணவன் தொலைவை விரைவால் வகுக்கின்றான். 16 மணி 7 நிமிடம் என்று விடை எழுதுகின்றான். ஆசிரியரும் அவ்விடையைச் சரியென்று ஒப்புகின்றார்.

இவ்வினாவில் கூறப்பட்டவை போன்ற இரு நகரங்கள் உலகில் உண்மையாகவே உள்ளன. ஒன்று, ஆஸ்திரேலியாவின் மேலைக் கரையில் உள்ள பெர்த்; மற்றொன்று, இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டன். இரண்டிற்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரே ஆகும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குவாண்டாஸ் என்னும் ஆஸ்திரேலிய விமான நிறுவனம், இடையில் எங்கும் இறங்காமல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே விமானம் விடத் தொடங்கியது. பெர்த்திலிருந்து இலண்டன் செல்வதற்கு அதன் அட்டவணை குறித்த நேரம் 17 மணி 20 நிமிடம். திரும்பி வருவதற்குக் குறித்த நேரமோ அதனினும் ஏறத்தாழ அரை மணி குறைவு. நகரங்கள் இடம் பெயரவில்லை, விமானமும் வேறன்று. ஆயினும் போகும் நேரம் ஒன்றாகவும் வரும் நேரம் மற்றொன்றாகவும் இருக்கின்றன. இரண்டும் மாணவனுடைய விடையோடு பொருந்தவில்லை.

மாணவன் செய்த வகுத்தல் பிழையா? அன்று. பின்னர் இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று? வினாவில் கூறப்பட்ட தொலைவு, விரைவு, நேரம் என்னும் மூன்று சொற்களையும் தனித்தனியே ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதற்கண் தொலைவைப் பற்றிக் காண்போம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் பெர்த்தையும் இலண்டனையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு மாலத்தீவின் அருகே சென்று அரபு நாட்டின்மேல் நீளும். பார்ப்பவர் அதுவே நேர்வழி என்று கருதுவர். ஆனால் பூமி தட்டையானது அன்று. உருண்டையான ஒன்றைத் தட்டைத் தாளில் விரித்து வரையும்போது வடிவமும் அளவும் திரிபடைவது இயல்பு. உண்மையான குறுக்குவழியை அறிய வேண்டுமாயின், பூகோள உருண்டையில் அவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இணைத்து, நூலை இறுக இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனம் இழுத்த நூல் வியப்பான வழியைக் காட்டுகின்றது. அது பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கைத் தீவின் குறுக்கே செல்கின்றது. மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தமிழ்நாட்டில் புகுகின்றது. திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பகுதிகளை ஒட்டிச் சென்று அரபிக் கடலை அடைகின்றது. பின்னர் இரான், கருங்கடல், உக்ரைன், ஜெர்மனி ஆகியவற்றின் மேலாக இங்கிலாந்தைச் சேர்கின்றது. பூமியின் நடுவை மையமாகக் கொண்டு அதன் மேற்பரப்பில் வரையப்படும் இத்தகைய வட்டத்தைப் பெருவட்டம் என்பர். உருண்டையின்மேல் உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறைந்த தொலைவு பெருவட்டத்தின் வழியே அமைவதாகும். சுவர்ப் படத்தின் நேர்கோட்டைப் பின்பற்றுவோர் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் மிகையாகச் செல்ல நேரிடும். தாளில் நேராகத் தோன்றுவது வானத்தில் வளைவாதலும், தாளில் வளைவாகத் தோன்றுவது வானத்தில் நேராதலும் இதனால் விளங்கும்.

அடுத்து, விரைவு. காவிரியில் பரிசல் விடுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. துடுப்பு வலிக்கும் ஆற்றல் ஒன்றே ஆயினும், நீரோட்டத்தோடு செல்லும் பரிசல் விரைந்து கரை சேரும். நீரோட்டத்தை எதிர்க்கும் பரிசல் தளர்ந்து செல்லும். விமானமும் காற்றாகிய ஆற்றில் மிதந்து செல்லும் ஓடமே. மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது காற்றினூடே அது செல்லும் விரைவு. அக்காற்றே மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் எதிர்த்து வீசினால், தரையை நோக்க விமானத்தின் விரைவு 850 ஆகக் குறையும். பின்னிருந்து வீசினால் 950 ஆக உயரும். முன்னதில் 14,500 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி 4 நிமிடமும், பின்னதில் 15 மணி 16 நிமிடமும் ஆகும்.

இங்கே நுட்பமாக நோக்கத்தக்க ஒன்றுண்டு. போகும்போது இழந்ததை வரும்போது முழுதும் பெற்றுவிடலாம் என்று பலர் எண்ணுவர். காற்று இல்லாவிடில் போக வர ஆகும் நேரம் 32 மணி 13 நிமிடம். மேற்கூறிய காற்று இருந்தாலோ 32 மணி 20 நிமிடம் ஆகின்றது. எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் நிற்கின்றது. பின்காற்றில் சிறிது நேரமே நிற்கின்றது. ஆதலின் இழப்பு, ஊதியத்தைவிடச் சற்று மிகுகின்றது.

பூமியின் இரு பாதிகளிலும் நடு அட்சரேகைப் பகுதிகளில், தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிய காற்று ஓடிக்கொண்டிருக்கின்றது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். சிற்சில வேளைகளில் இதன் விரைவு மணிக்கு 200 கிலோமீட்டரையும் கடக்கும். பெர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் வடமேற்காகச் செல்வதால் வழியின் பெரும்பகுதியில் இக்காற்றை எதிர்க்க நேர்கின்றது. திரும்பும் விமானத்திற்கு அதே காற்று துணையாகின்றது. போக்கின் நேரத்திற்கும் வரவின் நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதுவே தலையாய காரணம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி ஊர் தானே வந்து சேராதோ என்று சிலர் வினவுவர். ஓடும் இரயில் வண்டியினுள் ஒருவன் மேலே குதித்தால் அவன் பின்னால் போய் விழுவதில்லை. குதித்த இடத்திலேயே நிற்கின்றான். வண்டியின் ஓட்டம் அவனுக்கும் உரியதாய் இருப்பதே காரணம். அதுபோலப் பூமியோடு அதனைச் சூழ்ந்த காற்றும், காற்றில் பறக்கும் விமானமும் உடன் சுழல்கின்றன. ஆகவே சுழற்சியால் ஊர் நெருங்கி வருவதில்லை. ஆயினும் மேலைக்காற்று இன்ன திசையில் வீசுதற்குக் கதிரவன் வெப்பத்தோடு பூமியின் சுழற்சியும் காரணமாகும். சுழற்சி தன் செல்வாக்கைக் காற்றின் வாயிலாகவே செலுத்துகின்றது எனலாம்.

காற்றின் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று, உயிரோடு தொடர்புடையது. இதனை இவ்வழியின் வரலாறே காட்டும். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு முதன்முதலில் பறந்து சென்றவர் ராஸ் சுமித், கீத் சுமித் என்னும் உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவர் இருவரும் ஆவர். 1919-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் புறப்பட்ட அவர்கள், பல ஊர்களில் இறங்கி இறங்கி, டிசம்பர் 10-ஆம் நாள் டார்வின் நகரை அடைந்தனர். முப்பது நாள்களுக்குள் வந்து சேர்வோருக்கு என ஆஸ்திரேலிய அரசு வைத்திருந்த 10,000 பவுன் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. 1935-ஆம் ஆண்டில் பிரிஸ்பேன் நகருக்கும் இலண்டனுக்கும் இடையே பயணிகள் செல்லும் விமானப் போக்குவரத்து நடைபெறத் தொடங்கியது. அப்பயணம் பன்னிரண்டரை நாள் கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வழி அறுந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே கடிதமும் ஆளும் செல்லும் வான்வழி அடைபட்டது. அறுந்த வழியை இணைக்க வேண்டுமாயின், பெர்த்திலிருந்து இலங்கைவரை இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடத்தல் வேண்டும். அத்தொலைவு 5,600 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 1943-ஆம் ஆண்டில் கட்டலினா என்னும் நீர்விமானங்களைக் கொண்டு குவாண்டாஸ் நிறுவனத்தார் அதனைச் செய்யத் துணிந்தனர். பெர்த் நகரத்துச் சுவான் ஆற்றில் எழுந்த விமானம், இலங்கையின் தென்கரையில் காலி நகருக்கு அண்மையில் உள்ள கொக்கலை ஏரியில் இறங்கும்.

அவ்விமானத்தின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காற்று இல்லாவிடில் 5,650 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 28 மணி 15 நிமிடம் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் 35 மணிக்கு மேல் ஆகிவிடும். இக்காலத்து விமானத்திற்கு அதே தொலைவில் அதே காற்றினால் உண்டாகும் தாமதம் ஏறத்தாழ 18 நிமிடமே. விரைவு குறைந்த விமானத்திற்குச் சிறு காற்றும் பெரும் பகையாம் என்பது இதனால் புலனாகும். ஏழு மணி நேரத் தாமதம் நேருமாயின் எரிபொருள் போதுமா என்பதே அவ்விமானிகள் முன் நின்ற வினா. கீழே இறங்குவதற்கு நிலம் இல்லை. பகைவர் அறிந்துவிடுவர் என்று அஞ்சி வானொலியையும் பயன்படுத்தவில்லை. விமானத்தில் படைக்கலமும் இல்லை.

இரவில் அவர்களுக்கு வழிகாட்டியவை விண்மீன்களே. விமானங்கள் ஐந்தும் விண்மீன்களின் பெயரையே தாங்கின. அவற்றுள் அல்டேர் என்பது தமிழர் திருவோணம் என வழங்கும் மீன். ஆன்டாரிஸ் என்பது கேட்டை. ஸ்பைகா என்பது சித்திரை. ஏனைய இரண்டும் வேகா, ரைஜெல் என்பன. எரிபொருளின் சுமை மிகுதியாதலால் மூன்று பயணியருக்கு மேல் ஏற்ற இயலவில்லை. கடிதக் கட்டுகளின் எடையும் 69 கிலோகிராமிற்குள் அடங்க வேண்டியிருந்தது. வானத்தில் இருந்தபடியே அப்பயணியர் இரண்டு முறை கதிரவன் எழக் கண்டனர். ஆதலின் அப்பயணம் ‘இரட்டை உதயம்’ எனப் பெயர் பெற்றது. அவற்றுள் மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நிகழ்ந்தது. 1945-ஆம் ஆண்டுவரை 271 முறை அவ்விமானங்கள் அக்கடலைக் கடந்தன. ஓர் உயிரும் இழக்கப்படவில்லை. துணிவு மட்டும் இதனைச் செய்துவிடாது. காற்றையும் எடையையும் விண்மீனையும் பிழையின்றிக் கணித்த அறிவும் துணிவோடு சேர்ந்து நின்றது.

போர் முடிந்தபின் 1947-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சிட்னி நகரிலிருந்து இலண்டனுக்குக் கான்ஸ்டலேஷன் என்னும் விமானம் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஊர்களில் இறங்கி, நான்கு நாள்களில் அது இலண்டனை அடைந்தது. நான்கு நாள் பயணம் என்று அன்று உலகம் வியந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரே மூச்சில், ஒரு நாளினும் குறைந்த நேரத்தில் பெர்த்திலிருந்து இலண்டன் செல்லும் காலம் வந்தது.

ஆயினும் எரிபொருளின் சுமை பற்றிய பழைய இடர் இன்றும் நீங்கவில்லை. பெர்த்–இலண்டன் வழியில் 2018-இல் விடப்பட்ட போயிங் 787-9 என்னும் விமானம், நிலத்தைவிட்டு எழும்போது 254 டன் எடை வரை இருக்கலாம். அதன் தொட்டிகள் கொள்ளும் எரிபொருள் ஏறத்தாழ 101 டன். அஃதாவது, மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளே ஆகும். எடை மிகுந்தால் அதனைத் தாங்கிச் செல்ல மேலும் எரிபொருள் வேண்டும்; அவ்வெரிபொருளைச் சுமக்க இன்னும் சிறிது வேண்டும். ஆகவே, வேண்டிய அளவிற்கு மேல் வாரி நிரப்புதலும் அறிவுடைமை அன்று. எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய, விமானம் படிப்படியாக மேலே ஏறிச் செல்கின்றது. உயர்ந்த வானில் காற்று அடர்த்தி குறைந்து இருத்தலால், அங்கே குறைந்த செலவில் பறத்தல் கூடும்.

குறைவாக நிரப்புதலோ பெருந்தீங்கு. சேரும் ஊரில் மூடுபனி சூழ்ந்தால் வேறொரு விமான நிலையத்திற்குச் செல்ல வேண்டும். அங்கும் இறங்குவதற்கு முறை வரும்வரை வானில் வட்டமிட வேண்டும். ஆதலால், சேரும் ஊர்வரை செல்வதற்கும், அங்கிருந்து மாற்று நிலையத்தை அடைவதற்கும், அதற்குமேல் 30 நிமிடம் பறப்பதற்கும் போதிய எரிபொருள் இருத்தல் வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்பிய விதி. காற்று எதிர்பார்த்ததனினும் கடுமையாக எதிர்க்குமாயின், இடைவழியில் இறங்கி எரிபொருள் நிரப்புவதே விமானியின் கடமை. கால அட்டவணையைக் காப்பாற்றுதலினும் பயணியரைக் காப்பாற்றுதல் பெரிது அன்றோ?

காற்றும் எடையுமே அன்றி, மாந்தர் செயலும் இக்கணக்கில் புகுகின்றது. பெருவட்டத்தின் நேர்வழி இரான், உக்ரைன் முதலிய நாடுகளின்மேல் செல்வது முன்னரே கூறப்பட்டது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் போர் மூண்டபோது உக்ரைன் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. 2024-ஆம் ஆண்டில் மேற்கு ஆசியாவில் போர் அச்சம் மிகுந்த நாள்களில், இரான் நாட்டு வான்வெளியைத் தவிர்த்து விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. எதிர்க்காற்றோடு சுற்றுவழியும் சேர்ந்தமையால், பெர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. இலண்டனிலிருந்து திரும்பும் விமானமோ பின்காற்றின் துணையால் இறங்காமலே பெர்த்தை அடைந்தது. ஒரே வழியில் போகும்போது ஆகாதது வரும்போது ஆயிற்று. காற்றின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இறுதியாக, நேரம் என்பதனையும் ஆராய்தல் வேண்டும். அட்டவணை கூறும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் தான் நின்ற இடத்தைவிட்டு நகர்வதுமுதல், சேரும் ஊரில் தனக்குரிய இடத்தில் நிற்பதுவரை அது கணக்கிடப்படுகின்றது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், மெல்ல மேலேறுதல், விரைவு குறைத்துக் கீழிறங்குதல் ஆகியவை எல்லாம் அதனுள் அடங்கும். இவ்வேளைகளில் 900 என்னும் விரைவு இல்லை. மாணவனுடைய கணக்கில் விடுபட்டவற்றுள் இதுவும் ஒன்று.

கடிகாரமும் அறியாதாரை மயக்க வல்லது. 2018-ஆம் ஆண்டின் அட்டவணைப்படி, பெர்த்தில் மாலை 6 மணி 45 நிமிடத்திற்குப் புறப்பட்ட விமானம், இலண்டனில் மறுநாட் காலை 5 மணி 5 நிமிடத்திற்குச் சேர்தல் வேண்டும். இரு கடிகாரங்களையும் மட்டும் நோக்குவோர் 10 மணி 20 நிமிடமே ஆயிற்று என்பர். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கின்றது. கிழக்கே உள்ள பெர்த்தின் கடிகாரம் கிரீனிச்சு நேரத்திற்கு 8 மணி முற்பட்டது. கோடையில் இங்கிலாந்தினர் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் வேறுபாடு 7 மணி ஆகின்றது. அதனைக் கூட்டினால் 17 மணி 20 நிமிடம் என்னும் உண்மை நேரம் தோன்றும். கடிகாரத்தை மாற்றி வைத்தல் எளிது; உடலை மாற்றுதல் எளிதன்று. இலண்டனில் இறங்கிய பயணிக்கு ஊரெல்லாம் விடியற்காலையாக இருக்க, அவன் உடலுக்கோ நண்பகல் ஆகின்றது. சில நாள் வரை உறக்கமும் பசியும் பழைய ஊரின் நேரத்தையே பின்பற்றும்.

மீண்டும் அக்கணக்கை நோக்குக. தொலைவை விரைவால் வகுத்து மாணவன் கண்ட 16 மணி 7 நிமிடம் என்னும் விடை பொய்யன்று. காற்றில்லாத, எடையில்லாத, பகையில்லாத ஒரு வானத்திற்கு அதுவே விடை. விமானிக்கும் தொடக்கம் அவ்வகுத்தலே. ஆனால் அவர் அங்கே நின்றுவிடுவதில்லை. இன்று காற்று எத்திசையில் வீசுகின்றது, எந்த வான்வெளி அடைபட்டுள்ளது, எவ்வளவு சுமை ஏறியுள்ளது, வழியில் இறங்க எங்கெங்கே இடம் உண்டு என ஒவ்வொன்றாக வினவி, நாள்தோறும் புதிதாகக் கணக்கிடுகின்றார். கணக்கு ஏட்டில் விடை பிழைத்தால் மாணவன் சில மதிப்பெண்களை இழப்பான். வானத்தில் பிழைத்தால் விமானத்தில் உள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் இடர்ப்படும். கொக்கலை ஏரியில் பாதுகாப்பாக இறங்கிய விமானிகளும், இன்று இலண்டனில் இறங்கும் விமானிகளும் பள்ளியில் முதலிற் கற்றது அவ்வெளிய வகுத்தலையே. அதனோடு நில்லாது உலகின் இயல்பையும் சேர்த்து எண்ணக் கற்றமையே அவர்களைக் கரை சேர்த்தது.